பிள்ளைத்தமிழ் தொடங்காத மாதங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் இளங்கலை இரண்டாமாண்டு வகுப்பில் சிற்றிலக்கியம் நடத்திக்கொண்டிருந்தோம். அன்றைய பாடம் பிள்ளைத்தமிழ். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று பருவங்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதி, ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் இறுதி மூன்று பருவங்கள் வேறுபடுவதை விளக்கினோம். நூலுக்கு நூல் மாதக்கணக்கு சற்று மாறினாலும், காப்பு மூன்றாம் மாதத்துக்கு உரியது என்பதே பெருவழக்கு என்றும் சொன்னோம். பின்வரிசையில் அமர்ந்திருந்த மாணவி ஒருவர் எழுந்து, "ஐயா, அதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் குழந்தை என்ன செய்யும்?" என்று கேட்டார். "தூங்கும், அழும், வேறென்ன செய்யும்?" என்றோம். வகுப்பு சிரித்தது. கேட்ட மாணவி சிரிக்கவில்லை. அவர் பிள்ளை பெற்றுவிட்டுப் படிப்பைத் தொடர வந்தவர் என்பது பின்னரே எமக்குத் தெரிந்தது.

அந்தக் கேள்விக்கு உரிய விடை எமக்கு நாற்பது வயதைக் கடந்த பின்னர்தான் கிடைத்தது. திருமணமாகிப் பதினொரு ஆண்டுகள் கழித்து எம் இல்லத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்த முதல் மூன்று மாதங்களில் நாம் கண்டதையும், காணத் தவறியதையும் வைத்துக்கொண்டே இக்கட்டுரையை எழுதுகிறோம். சொந்தக் கதை சொல்வது நோக்கமன்று. நம் இலக்கியமும் நம் வீடுகளும் ஒருசேர மௌனம் காக்கும் ஒரு காலப்பகுதியைப் பற்றிச் சில சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் இலக்கியத்தை எடுத்துக்கொள்வோம். குழந்தையைப் பாடுவதில் தமிழுக்கு நிகரான மொழி அரிது என்று நாம் மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அந்தப் பெருமை பொய்யன்று. ஆனால் நம் இலக்கியம் கொண்டாடும் குழந்தைக்கு என்ன வயது என்று யாரும் கேட்பதில்லை. புறநானூற்றில் பாண்டியன் அறிவுடை நம்பி பாடும் குழந்தை குறுகுறு நடந்து, உணவில் கையிட்டுத் துழாவும் குழந்தை. திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரத்தில் வருவது மழலை பேசும் குழந்தை. பிள்ளைத்தமிழின் தலைவனும் தலைவியும் தலை நிமிர்த்தி, கை கொட்டி, முத்தம் தந்து, நடந்து வருபவர்கள். இவர்கள் எல்லோரும் பெற்றோருக்கு ஏதோ ஒன்றைத் திருப்பித் தரத் தொடங்கிவிட்டவர்கள். ஒரு புன்னகை, ஒரு சொல், ஒரு பார்வை. பிறந்து இருபது நாளான சிசு எதையும் திருப்பித் தருவதில்லை. அது முகம் பார்த்துச் சிரிப்பதற்கே ஆறு வாரம் ஆகும். அதுவரை அதற்குச் செய்வதெல்லாம் ஒருவழிப் பணிதான்.

அந்தப் பணியின் அளவு என்ன? பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பாலூட்ட வேண்டும் என்கின்றனர் மருத்துவர்கள். ஒரு முறைக்கு அரை மணி நேரம் என்று வைத்தாலும் பாலூட்டலே நான்கு முதல் ஆறு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும். ஊட்டிய பிறகு தோளில் சாய்த்து ஏப்பம் வரும்வரை தட்ட வேண்டும். ஏப்பம் வந்தபின் படுக்கவைத்தால் துணி நனைந்திருக்கும். துணி மாற்றினால் விழித்துக்கொள்ளும். உறங்கச் செய்வதற்குள் அடுத்த பாலூட்டலுக்கு நேரம் நெருங்கிவிடும். இடையில் தொப்புள்கொடி உலர்ந்து விழும்வரை அதை ஈரமில்லாமல் காக்க வேண்டும். கழுத்து நிற்காத உடலை ஒரு கையால் தாங்கியே தூக்க வேண்டும். முகத்தைக் கீறிக்கொள்ளாதபடி தாள் போன்ற நகத்தை வெட்ட வேண்டும். இவற்றுள் ஒன்றேனும் கடினமானது என்று சொல்ல முடியாது. ஆனால் இவை ஒருநாளும் முடிவதில்லை என்பதுதான் கடினம்.

இவற்றோடு அழுகையும் சேர்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிரேசல்டன் 1962இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நலமான குழந்தைகளும் பிறந்த சில வாரங்களில் நாளுக்கு நாள் கூடுதலாக அழுவதையும், அந்த அழுகை ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்தை அடைவதையும், மூன்றாம் மாதத்தை ஒட்டித் தணிவதையும் குறித்தார். அவருக்கு முன்பே 1954இல் வெஸல் என்பவர், நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் காரணமின்றி அழும் குழந்தைகளைத் தனியே வகைப்படுத்தினார். மருத்துவ உலகம் அந்த மூன்றின் கணக்கை நெடுங்காலம் கைக்கொண்டது. இவற்றைப் படித்தபோது எமக்கு நம் பாட்டியல் நூல்கள்தாம் நினைவுக்கு வந்தன. அழுகை எந்த மாதத்தில் தணிகிறதோ, ஏறத்தாழ அந்த மாதத்தில்தான் நம் புலவர் ஏடும் எழுத்தாணியுமாகத் தொட்டிலருகே வருகிறார்!

புலவரைக் குறை கூறும்போது நேர்மையும் வேண்டும். பெரியாழ்வாரை இக்குற்றச்சாட்டிலிருந்து விலக்கியே ஆக வேண்டும். அவருடைய திருமொழியின் முதல் பதிகத்தின் இறுதியில் யசோதை ஒரு முறையீடு வைக்கிறாள். தொட்டிலில் கிடத்தினால் உதைக்கிறான், இடுப்பில் எடுத்தால் இடுப்பு ஒடிகிறது, அணைத்துக்கொண்டால் வயிற்றில் பாய்கிறான், தாங்கும் வலுவில்லாமல் நான் மெலிந்துபோனேன் என்கிறாள். உரையாசிரியர்கள் இதைக் கண்ணனின் தெய்வ ஆற்றலுக்குச் சான்றாகக் காட்டுவர். நாமும் அவ்வாறே நெடுங்காலம் பாடம் நடத்தினோம். இன்று அதை ஒரு தாயின் களைப்பாகவே எம்மால் படிக்க முடிகிறது. நாட்டுப்புறத் தாலாட்டையும் விலக்க வேண்டும். தாலாட்டில் குழந்தைக்குச் சொல்வது போலத் தாய் தன் பிறந்தகத்தை நினைக்கிறாள், உறவினர் மேல் உள்ள மனக்குறையைப் பாடுகிறாள், சில வேளை தன் விதியையே நொந்துகொள்கிறாள். குழந்தைக்குப் பொருள் புரியாது, வீட்டார் உறங்கிவிட்டனர் என்ற துணிவில் பிறந்த இலக்கியம் அது. ஆகவே பெண்கள் இதைச் சொல்லாமல் இல்லை. அவர்கள் சொன்னதை எழுத்திலக்கியம் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதே பொருத்தம்.

இத்தனைக்கும் இந்தக் காலத்தைக் குறிக்கத் தமிழில் அழகிய தனிச்சொல் ஒன்று இருந்தது. புனிறு. ஈன்ற அணிமை என்று அதற்குப் பொருள் கூறுகிறது தொல்காப்பிய உரியியல். புனிற்றா என்றால் அண்மையில் கன்று ஈன்ற பசு. ஈன்றவளின் உடலும் மனமும் இன்னும் தேறாத அந்தச் சில வாரங்களுக்கென்று ஒரு சொல்லைப் படைத்த மொழி, அச்சொல்லை வழக்கில் இழந்துவிட்டது. அதன் இடத்தில் நமக்கு மிஞ்சியது 'தீட்டு' என்ற சொல். முன்னது அவள் நிலையைச் சொல்வது. பின்னது அவளிடமிருந்து மற்றவர் விலகி நிற்க வேண்டியதைச் சொல்வது. ஒரு சொல் போய் மற்றொரு சொல் நின்றதில் நம் சமூகத்தின் மனப்போக்கும் தெரிகிறது.

இனி வீட்டுக்கு வருவோம்.

எம் குழந்தை பிறந்தபோது மாமியார் வந்து தங்கினார். அவரிடம் ஒரு பல்கலைக்கழகத்துக்குரிய அறிவு இருந்தது. நீட்டிய காலில் குழந்தையைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றும் லாவகம். வயிறு உப்புசத்துக்கும் பசிக்கும் அழுகையில் உள்ள வேறுபாட்டைச் செவியாலேயே அறியும் திறம். பழஞ்சேலையில் தூளி கட்டும் முடிச்சு. இவையெல்லாம் எந்த நூலிலும் இல்லாதவை. வசம்பைச் சுட்டு, உரைகல்லில் இழைத்து வைத்திருப்பார். அதன் பெயரைக் குழந்தை இருக்கும் வீட்டில் சொல்லக் கூடாதென்று 'பேர் சொல்லாதது' என்பார்.

ஆனால் இந்த அறிவு முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க இயலாது. பிறந்ததும் சேனை வைக்க வேண்டும் என்று தேனோடு வந்தார் உறவினர் ஒருவர். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடாது. அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிரியால் நரம்பைத் தாக்கும் கொடிய நோய் வரலாம் என்பது இன்று உறுதிப்பட்ட செய்தி. முதல் சில நாள் சுரக்கும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடும் வழக்கமும் நம்மிடம் இருந்தது. நோயை எதிர்க்கும் ஆற்றலைக் குழந்தைக்கு முதலில் தருவது அதுவேயாகும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதையும் சாம்பிராணிப் புகை காட்டுவதையும் மருத்துவர் தடுத்தார். எல்லாவற்றையும் அவர் தடுக்கவில்லை. எண்ணெய் தேய்ப்பதற்கு மறுப்புச் சொல்லவில்லை. புட்டிக்குப் பதிலாகப் பாலாடையில் பால் புகட்டச் சொன்னவரும் அவரே. பழையது யாவும் மூடநம்பிக்கை என்போரும், பாட்டி சொன்னதே வேதம் என்போரும் இவ்விடத்தில் ஒரே பிழையைத்தான் செய்கின்றனர். இருவரும் ஒவ்வொன்றாக எடுத்து ஆராயும் தொல்லையிலிருந்து தப்பிக்கின்றனர். இடையில் நிற்கும் தாயோ, மருத்துவர் சொன்னதைச் செய்தால் வீட்டாருக்குப் பகை, வீட்டார் சொன்னதைச் செய்தால் குழந்தைக்கு என்ன ஆகுமோ என்ற அச்சம் என்று இரண்டு பக்கமும் இடிபடுகிறாள்.

ஏழாவது வாரத்தில் ஓர் இரவு. காலை முதல் மணி வகுப்பு இருந்தமையால் நாம் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு உறங்கினோம். அதுவே அன்றாட வழக்கமாகியிருந்தது. மூன்று மணியளவில் அழுகை நெடுநேரம் ஓயாமல் கேட்கவே எழுந்து வந்து பார்த்தோம். கூடத்தில் பாய்மேல் குழந்தை முகம் சிவக்க அழுதுகொண்டிருந்தது. எம் மனைவி இரண்டடி தள்ளிச் சுவரில் சாய்ந்து அமர்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கவில்லை. "ஏங்க, இவ அழுறது எனக்குக் கேக்குது. ஆனா எந்திரிக்கத் தோணலை. என்னை எங்கயாச்சும் கொண்டுபோய் விட்டுருங்க" என்றார். குரலில் அழுகையோ கோபமோ இல்லை. மாமியார் எழுந்து வந்து, "பதினோரு வருஷம் கழிச்சுக் கெடச்ச பிள்ளையை வச்சுக்கிட்டு இப்படியாடி பேசுவ?" என்றார்.

வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, நாமும் அதையே நினைத்தோம் என்பதை இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். தவமிருந்து பெற்ற பிள்ளை என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. தவத்தின் பயனைப் பற்றி யாராவது குறைப்பட்டுக்கொள்வார்களா?

இரண்டு நாள் கழித்து மருத்துவரிடம் சென்றோம். அந்த அம்மையார் எம் மனைவியிடம் உறக்கத்தைப் பற்றியும் பசியைப் பற்றியும் நெடுநேரம் கேட்டார். பிறகு எம்மை நோக்கி, "ராத்திரியில குழந்தையை யார் பாத்துக்கறாங்க?" என்றார். "நாங்கதான்" என்றோம். எம் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. மருத்துவர் எம் முகத்தையும் அவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுக் குறிப்பெழுதினார். 'நாங்கள்' என்ற சொல்லை உளப்படுத்தாத தன்மைப் பன்மை என்று இலக்கணம் கற்பிக்கிறோம். முன்னிலையாரை மட்டுமன்றி, வேண்டும்போது தன்னையே அதிலிருந்து விலக்கிக்கொள்ளவும் ஒருவனால் முடியும் என்பதை அன்று கண்டோம்.

மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு என்பது சோம்பலோ அன்பின்மையோ அன்று. மருத்துவம் தேவைப்படும் நோய். இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்து உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் 2017இல் வெளியான கட்டுரை, பிள்ளை பெற்ற பெண்களில் ஏறத்தாழ 22 விழுக்காட்டினர் இதற்கு ஆளாகின்றனர் என்று மதிப்பிட்டது. ஐந்தில் ஒருவர். நம் தெருவில், நம் அலுவலகத்தில், நம் வகுப்பில் அவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் தமக்கு வந்திருப்பது நோய் என்றே அறியாமல், தாம் கெட்ட தாய் என்று முடிவுகட்டிக்கொள்கின்றனர். அந்த முடிவுக்கு அவர்களை இட்டுச் செல்வதில் தாய்மையின் புகழ்பாடும் நம் எழுத்துக்கும் பங்குண்டு என்பதே எம் குற்றச்சாட்டு. காவிரி பெருகுவதற்குக் குழவிக்குச் சுரக்கும் முலையை உவமை காட்டிய மரபு நம்முடையது. ஆற்றுக்குக் களைப்பு வருமா என்று கேட்க நமக்குத் தோன்றியதேயில்லை.

'இலக்கியம் என்ன பிள்ளை வளர்ப்புக் கையேடா?' என்று இங்கு நண்பர்கள் கேட்கக்கூடும். கையேடு கேட்கவில்லை. பசியைப் பற்றி, போரைப் பற்றி, பிரிவைப் பற்றிப் பேசிய இலக்கியம், மனிதர் ஒவ்வொருவரும் கடந்துவந்த முதல் நூறு நாளைப் பற்றிப் பேசினால் என்ன என்றுதான் கேட்கிறோம். சமையலறையை இலக்கியப் பொருளாக்க அம்பை போன்றோர் வந்தார்கள். அதன்பின் அந்த அறையைப் பழைய கண்ணால் பார்க்க நம்மால் முடியவில்லை. தூளிக்கடியில் விழித்துக் கிடக்கும் இரவுக்கும் அத்தகைய எழுத்து வேண்டும். பெண்கள் எழுத வேண்டும் என்று அறிவுரை கூற நாம் முன்வரவில்லை. எழுதுவதற்கு அவர்களுக்கு முதலில் உறக்கம் வேண்டும்.

அரசு இதில் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். 2017ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் ஊதியத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. தமிழக அரசு தன் பெண் ஊழியர்க்கு 2021இல் அதனை ஓராண்டாக்கியது. ஏழைத் தாய்மார்க்கான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 2018இல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. இவை பாராட்டுக்குரியன. ஆனால் இவை அனைத்தும் குழந்தை தாய்க்கு மட்டுமே உரிய வேலை என்ற எண்ணத்தின் மீதே எழுந்தவை. மத்திய அரசில் பணியாற்றும் தந்தைக்குப் பதினைந்து நாள் விடுப்பு உண்டு. தனியார் நிறுவனத்திலும் அன்றாடக் கூலியிலும் இருப்பவனுக்குச் சட்டம் அதையும் உறுதி செய்யவில்லை. பதினைந்தாம் நாளில் தந்தை வேலைக்குத் திரும்புகிறான். அழுகை உச்சத்தை அடைவதோ ஆறாவது வாரத்தில். இந்தக் கணக்கு இடிக்கிறது.

விடுப்பு இருந்தும் விழித்திராத தந்தையரும் உண்டு என்பது உண்மையே. நமது வழக்கப்படி தலைப்பிள்ளைப் பேறு தாய்வீட்டில் நடக்கிறது. வளைகாப்பு முடிந்து போகும் பெண், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் கைக்குழந்தையோடு திரும்புகிறாள். இதனால் அவளுக்குத் தன் தாயின் கை கிடைத்தது, மாமியார் வீட்டு வேலையிலிருந்து விடுதலை கிடைத்தது. அது நல்ல ஏற்பாடே. ஆனால் தந்தை என்பவன் அழுகை ஓய்ந்த, சிரிக்கத் தெரிந்த குழந்தையையே முதன்முதலாகக் கையில் வாங்கினான். அவன் புலவனாகவும் இருந்துவிட்டால் அவனுடைய பாட்டு வேறு எந்த மாதத்தில் தொடங்கியிருக்க முடியும்? காப்புப் பருவத்துக்கு வேறு காரணமும் சொல்லலாம். பிறந்த சிசு பிழைக்குமா என்ற ஐயம் தீரும்வரை பாட அஞ்சியிருக்கலாம். 2022ஆம் ஆண்டில் கூட உலகில் 23 லட்சம் குழந்தைகள் பிறந்த முதல் மாதத்திற்குள் இறந்தன என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அக்காலத்தில் நிலை எப்படி இருந்திருக்கும்? அஞ்சியதில் நியாயம் உண்டு. எனினும் அந்த அச்சத்தோடு இரவெல்லாம் விழித்திருந்தவள் யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

'ஆண் என்ன பால் கொடுக்கவா முடியும்?' என்பது இறுதியாக எழும் கேள்வி. முடியாது. ஆனால் மேலே நாம் அடுக்கிய பணிகளுள் தாயால் மட்டுமே இயல்வது அது ஒன்றுதான். ஏப்பம் வரத் தட்டுவதற்கும், துணி மாற்றுவதற்கும், தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடப்பதற்கும் ஆண் உடலில் எந்தக் குறையும் இல்லை. மருத்துவர் சொன்னபடி எம் மனைவி மனநல மருத்துவரைப் பார்த்தார். பல மாதங்கள் சிகிச்சை தொடர்ந்தது. வீட்டில் ஏற்பட்ட மாற்றம் ஒன்றே. இரவு பத்து மணி முதல் மூன்று மணி வரை குழந்தை எம் பொறுப்பு. எடுத்து வைத்த தாய்ப்பாலைப் பாலாடையில் புகட்டக் கற்றுக்கொண்டோம். முதல் வாரம் பாதி சட்டையில் வழிந்தது. தாலப் பருவப் பாடல்களை இசையோடு பாடிப் பார்த்தோம். குழந்தை அவற்றை மதிக்கவில்லை. அடுத்த வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடும் ஒலிக்கு உடனே உறங்கியது. காலை வகுப்பில் இருமுறை சொல் மறந்து நின்றோம். அந்த மறதியோடு ஏழு வாரம் ஒருவர் தனியே இருந்தார் என்ற எண்ணம் அப்போதுதான் எமக்கு உறைத்தது. ஐந்து மணி நேரம் தொடர்ந்து உறங்கிய நாள் முதல் அவர் முகம் சிறிது சிறிதாகத் தெளிந்தது. மருந்தும் வேலை செய்தது, உறக்கமும் வேலை செய்தது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல நாம் மருத்துவரல்லர்.

இவ்வாண்டும் பிள்ளைத்தமிழ் நடத்தினோம். காப்புப் பருவத்துக்கு முன் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, புனிறு என்ற சொல்லிலிருந்து தொடங்கினோம். தேர்வில் வராத பகுதி என்பதால் சிலர் குறிப்பெடுக்கவில்லை. அதனால் வருத்தமில்லை. பல ஆண்டுகளுக்கு முன் கேட்ட அந்த மாணவிக்கு நாம் தந்த விடை பாதி சரி. குழந்தை தூங்கும், அழும். அது அழும்போதெல்லாம் யாரோ ஒருவர் விழித்திருப்பார் என்பதையும், அவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அவர் எங்கிருந்தாலும் இதைப் படிக்க நேர்ந்தால், அன்று வகுப்பு சிரித்ததற்கு எம் வருத்தத்தை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறோம்.